முட்டை வண்டி அக்காவின் பிஸ்கட் டின்

அவளிடம் எதை வேண்டுமானாலும் கொடுத்து வைக்கலாம். பைக் சாவி, கழுத்தில் மாட்டும் கம்பெனி டேக், டிபன் பாக்ஸ், கல்யாண மோதிரம், சார்ஜ் இறங்கிப்போன போன். எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போகும். கொடுத்தவன் வந்து கேட்டால் வெளியே வரும். வேறு யார் கேட்டாலும் வராது. பெற்ற தாய் கேட்டாலும் வராது. கேட்டுப் பார்த்தவள் நான்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பையன்கள் அக்கா என்றார்கள். எங்கள் தெருப் பெண்கள் முட்டைக்காரி என்றார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பும் சாலையில் அப்போது அரசு மதுக்கடை இருந்தது. அதை ஒட்டிய வேப்பமரத்தடியில் அவளுடைய தள்ளுவண்டி. அவித்த முட்டை, ஆம்லெட், சுண்டல், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப். நான் கணக்கு டீச்சராக வேலை பார்க்கும் தனியார் பள்ளியும் அதே சாலையில்தான். பள்ளி விட்டு நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அவள் நிற்பாள். இரண்டு வருஷம் தினமும் எதிரும் புதிருமாக நின்றிருக்கிறோம். ஒரு நாளும் சிரித்துக்கொண்டதில்லை.

கம்பெனி பஸ் வந்து முதல் ஷிப்ட் பையன்களை இறக்கிவிடும். திருநெல்வேலி, தென்காசி, ராமநாதபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள். இறங்கியதும் கடைக்குப் போக மாட்டார்கள். முதலில் அவளிடம்தான் போவார்கள். டேக்கைக் கழற்றிக் கொடுப்பார்கள். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொள்வார்கள். கடை வாசலில் நிற்பதை யாராவது படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டால் வேலை போய்விடும் என்று பயம்.

"காலர் தெரியுது பார், கம்பெனி பேர் பல்லக் காட்டுது. ஒழுங்கா திருப்புறா" என்பாள். இத்தனைக்கும் கையில் முட்டையை உரித்துக்கொண்டே இருப்பாள். நகத்தால் உரிக்க மாட்டாள். உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி, சட்டையைக் கழற்றுவதுபோல ஓட்டைக் கழற்றிவிடுவாள். எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் நானும் ஒருநாள் அப்படிச் செய்து பார்த்தேன். முட்டை நசுங்கிப் போனது.

பொது இடத்தில் புகைபிடிப்பது தண்டனைக்குரியது என்று ஒரு தகரப் பலகை அந்த வேப்பமரத்தில் அடிக்கப்பட்டிருந்தது. அவள் அதில் கைத்துணியைக் காயப்போடுவாள். ஆனால் அதன் கீழே நின்று யாரும் பற்றவைக்கக் கூடாது. "போர்டுக்கு அந்தாண்ட போய் ஊது நைனா. என் சுண்டல்ல சாம்பல் உழுது." சட்டம் போட்டவர்களைவிட அவளுடைய சுண்டல்தான் அங்கே செல்லுபடியானது. மூட்டை தூக்கும் ஆட்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே தள்ளிப் போவார்கள்.

எங்கள் வீட்டிலும் புகை உண்டு. என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போவார். காயப்போடாத துணியை எடுக்க அரை மணி நேரம் ஆகும். இறங்கி வரும்போது வாயில் கிராம்பு இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. எனவே என் மகன் ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குள் வந்தபோது, எங்கள் வீட்டு வழக்கப்படி அவன் செய்வது சரியாகத்தான் இருந்தது. நான்தான் அவன் சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அவன் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்திருந்தான். ஷிப்ட் மாறி மாறி வரும். நான் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் அவனுக்குத் தெரியும். அந்த நேரம் தவிர்த்து மற்ற நேரங்களில் போயிருக்கிறான்.

அவளிடம் அவன் முதலில் போனபோது இருபத்தொன்று ஆகவில்லையாம். கடையில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலைக் கொடுத்துவிட்டார். இவளோ கப் தரவில்லை. "மீசை கீது. வயசு கீதா?" என்றிருக்கிறாள். ஒரு தட்டு சுண்டலைக் கொடுத்து, பாட்டிலைப் பிடுங்கி இன்னொரு பெரிய பையனிடம் கொடுத்துவிட்டாளாம். இருபத்தொன்று முடிந்த நாளில் நான் காலையில் கேசரி செய்து, நெற்றியில் விபூதி வைத்து அனுப்பினேன். சாயங்காலம் அவன் அவளிடம் போய் ஆதார் அட்டையை நீட்டியிருக்கிறான். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, "ஆமாண்டா, இன்னிக்குத்தான்" என்று சொல்லி முதல் கப்பைக் கொடுத்தாளாம். இதை அவனே பின்னால் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். கேசரியைப் பற்றி அவனுக்கு ஞாபகம் இல்லை.

அவளோடு நான் முதன்முதலாகப் பேசியது அவனுடைய பைக்குக்காக. ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நம்பர் பிளேட்டுக்கு மேலே நான் ஒட்டிய வேல் ஸ்டிக்கரோடு அது வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டினேன்.

"இந்த வண்டியில வந்தவன் எங்கே?"

"நடந்து போயிட்டான்."

"சாவி?"

"கீது."

"குடு. நான் அவனோட அம்மா."

"தெரியும் டீச்சரம்மா. அதே மூக்கு." டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஆனா நீ குடுக்கலியே. அவன்தான குடுத்தான். அவன்கிட்டதான் குடுப்பேன்."

சட்டையைத் திருப்பிப் போட்டிருந்த ஒரு பையன் சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, குடுத்துருங்க. இல்லன்னா பெஞ்சு மேல ஏத்திருவாங்க" என்றான்.

"நீ மூடு. ஒன் முட்டை ஆறுது" என்று அவனை அதட்டிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "குடிச்சா வண்டி எடுக்க மாட்டான்மா. நான் எடுக்க வுடறது இல்ல. காலைல வந்து எத்துனு போவான்."

"என் பையன் இங்க வர்றான்னு தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. தினம் எதிர்லதான நிக்கிறேன்?"

"அத்தனி பேரும் எனுக்கு எவளோ ஒருத்தியோட புள்ளதான். எத்தினி அம்மாக்கு நான் போன் போடறது?"

வீட்டுக்கு வந்தவன் வண்டி பஞ்சர் என்றான். சரி என்றேன். சாப்பாடு போட்டேன். அவன் தெளிவாகத்தான் இருந்தான். நடந்து வந்ததில் தெளிந்திருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது. குடித்ததற்காக மட்டும் என்று சொல்ல முடியாது. என்னிடம் பஞ்சர் என்று சொல்பவன், அவளிடம் கையில் இருப்பதை அப்படியே கொடுத்துவிட்டு வருகிறான்.

அடுத்த வாரம் அவனைக் கயிறு கட்டக் கூட்டிப்போனேன். வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு சின்ன அம்மன் கோயில். குடியை விட நினைப்பவர்கள் அங்கே போய்ச் சத்தியம் செய்து மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். சொன்ன காலம்வரை தொடக் கூடாது. கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் வீட்டில் ஒருவரை அம்மன் எடுத்துக்கொள்வாள் என்பது நம்பிக்கை. கம்பெனி ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"எத்தினி நாளுக்கு?" என்றார் பூசாரி.

"ஆறு மாசம்" என்றான் என் மகன்.

"ஆயுசுக்கும்" என்றேன் நான்.

"ஆயுசுக்கெல்லாம் கட்றது இல்லமா. தாங்காது. ஒரு வருசம் கட்டு, அப்பால வந்து புதுப்பிச்சிக்கோ." கயிற்றை என்னிடம் கொடுத்து, பெற்றவளே கட்டட்டும் என்றார். இரண்டு முறை முடிந்து, நுனியை உள்ளே செருகினேன். சின்ன வயதில் ரிப்பன் கட்டப் பழகிய முடிச்சு. என் கை வேறு மாதிரி கட்டாது.

மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். சட்டையை முகர்வதைக்கூட விட்டேன். பிறகு ஒரு காலையில் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது மணிக்கட்டைப் பார்த்தேன். நுனி உள்ளே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடைகளில் பார்சல் பையின் வாயைக் கட்டுவார்களே, ஒரு இழுப்பில் அவிழும் சுருக்கு, அது. என் மகன் கையில் வேறு யாரோ போட்ட முடிச்சு இருந்தது.

அன்று பள்ளிக்குப் போகாமல் நேரே அவளிடம் போனேன். அப்போதுதான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்குமுன்பே டின்னைத் திறந்து காட்டினாள். சாவிகளுக்கு நடுவே ஒரு சுத்தமான கர்சீப்பில் கயிறுகள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கடைக்கு வருமுன் பையன்கள் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்க் குடித்துவிட்டு, திரும்ப வந்து கட்டிக்கொள்கிறார்கள். கயிறு கையில் இருக்கும்போதுதானே குடிக்கக் கூடாது.

"இது பாவம்னு உனக்குத் தெரியாதா?"

"நான் அவுக்கலமா. அவுங்களே அவுத்துனு வராங்க. பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கினு குடிக்கறதுக்கு, இங்க இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன். சாமி கயிறு, கீழ உழக் கூடாதுல்ல."

"திருப்பிக் கட்டினது யாரு?"

"ஒத்தக் கையால கட்டிக்க முடியுமா? கைய நீட்றான். கட்டி வுட்டேன்."

"ஏண்டா இப்படிப் பண்றேன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அவள் தீக்குச்சியை அணைத்துக் கீழே போட்டாள். "அத்த கேக்கறதுக்குத்தான் வூட்ல நீ கீறியே."

அவளை அடித்திருப்பேன். திரும்பி நடந்துவிட்டேன். அன்று மாலை மகனை உட்காரவைத்து, கயிற்றை என் முடிச்சுப்படி கட்டி, அதன் மேல் ஊசி நூலால் தைத்தேன். கத்தரி இல்லாமல் கழற்ற முடியாதபடி. அவன் கையை ஆட்டாமல் வைத்திருந்தான்.

மதுக்கடையை எடுக்கச் சொல்லி நாங்கள் பந்தல் போட்டது அதற்குப் பிறகுதான். தெருப் பெண்கள் பாத்திரங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். பள்ளிக்கும் கடைக்கும் உள்ள தூரத்தை அதிகாரிகள் ரோடு வளைந்து போகும் வழியாக அளந்தார்கள். நான் நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். இன்றைக்குக் கூப்பிட்டாலும் அந்தப் பந்தலில் போய் உட்காருவேன்.

அவள் ஒரே ஒருநாள் பந்தலுக்கு வந்தாள். வியாபாரம் இல்லாத நேரம். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இன்னா, உன் பொழப்பு போயிடும்னு கெஞ்ச வந்தியா?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

"முட்டை எங்க வெச்சாலும் வேவும். கடைய எங்க எத்துனு போறாங்களாம்? ஐவேஸுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"அதைப் பத்தி எங்களுக்கு என்ன? இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "சரி, மோர் குடிச்சீங்களா? மூஞ்சிலாம் வாடிக் கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

கடை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே பார் எடுத்தவர்கள் வெளி வண்டிகளை அண்டவிடவில்லை. வேப்பமரத்தடி காலியானது. பலகையில் துணி காயவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு எதிரே யாரும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. மகளோடு ஆந்திரா பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். என் மகன் வேறு கம்பெனியில் இருக்கிறான். சில நாட்கள் குடிக்கிறான், பல நாட்கள் இல்லை. சொல்லிவிட்டுத்தான் செய்கிறான். ஆனாலும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் வகுப்பில் பாதிக் கணக்கில் சாக்பீஸோடு நின்றுவிடுவேன். அந்த இரண்டு நாட்கள் உடம்பிலிருந்து இறங்கவில்லை.

கடை மாறி ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம் அவன் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான். போனவன் வரவில்லை. போன் அணைந்திருந்தது. மறுநாள் காலை கம்பெனிக்குப் போய் செக்யூரிட்டியிடம் கேட்டேன். கேட்டில் ஊதச் சொல்லும் மெஷின் சத்தம் போட்டதாம். வழியில் யாரோ கல்யாணப் பார்ட்டி கொடுத்தார்களாம். டேக்கை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்களாம்.

அவன் எங்கே போயிருப்பான் என்று எனக்கு ஒரு இடம்கூடத் தோன்றவில்லை. வளர்த்த பிள்ளையைத் தேட எனக்கு ஒரு முகவரி தெரியவில்லை. என் கணவர் ஸ்டேஷனுக்குப் போனார். நான் ஆஸ்பத்திரிகளுக்குப் போனேன். நெடுஞ்சாலையில் அடிபட்ட ஒருவனின் காலைத் துணியை விலக்கிக் காட்டினார்கள். அது என் மகன் கால் இல்லை என்று தெரிந்ததும், வேறு ஒருத்தியின் பிள்ளை அங்கே கிடக்க, நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அவனோடு வேலை செய்யும் தென்காசிப் பையன் ஒருவனைப் பிடித்தேன்.

"அக்கா வீட்டுல பாத்தியளாம்மா?"

"எந்த அக்கா? எனக்குப் பொண்ணு கிடையாதே."

"முட்டை வண்டி அக்காம்மா. அவனுக்குப் போக வேற எங்க இருக்கு?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

இருங்காட்டுக்கோட்டையில், கம்பெனிப் பிள்ளைகளுக்கு விடும் லைன் வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. கதவுக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம். அம்மன் கயிற்றைக் கர்சீப்பில் மடித்து வைத்தவள் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பது அன்றுதான் தெரிந்தது. வாசலில் ஒரு அண்டா நிறைய அவித்த முட்டை. அதன் முன்னால் என் மகன் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து. வீட்டில் தட்டைக்கூடக் கழுவாதவன்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அவனைத் தாண்டிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நாளா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறேன். எம் பேரு தெரியும், பள்ளிக்கூடம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப முடியாதா உன்னால?"

"சொல்லாதன்னான்மா."

"அவன் சொன்னா? நீயும் ஒரு பொம்பளைதானே!"

"சொல்லிருந்தா இங்க இருந்திருக்க மாட்டான். எங்க இருந்திருப்பான்? உனக்குத் தெரியுமா?" அவளுக்கும் மூச்சு வாங்கியது. கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. "வந்த அன்னிக்கு அவன் நின்ன நிலைய நீ பாக்கல. ராத்திரி ரெண்டும் இந்தக் கதவாண்ட தான் குந்திக்கினு கீறேன். எழுந்து வெளிய பூடுவானோன்னு."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"வூட்டுக்குப் போடான்னு எத்தினி தபா சொன்னேன் தெரியுமா? மாட்டேங்கறான். கயிறோட குடிச்சிட்டானாம். அவுக்க முடியாத மாதிரி நீ தெச்சிட்டியாமே. வூட்டுக்கு வந்தா உனுக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படறான். வேலை போனதுக்குலாம் இல்ல. உனுக்கு ஆயிடும்னுதான்."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. கயிறு கட்டிய கை தண்ணீருக்குள் இருந்தது. எனக்காக அவனுக்கு அப்படி ஒரு பயம் இருந்ததை, என் மேல் அப்படி ஒரு பாசம் இருந்ததை, அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான் என்ற அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவனிடம் இருந்ததிலேயே பெரியதை அவளிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலடா. பாரு, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். "வாடா, போலாம்."

அவன் நிமிர்ந்தான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். போகட்டுமா என்று கேட்கும் பார்வை. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் யாராவது மிட்டாய் நீட்டினால் என்னைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

அவள் குனிந்து அண்டாவைத் தூக்கினாள். உரித்தது, உரிக்காதது எல்லாம் சேர்ந்து உருண்டன. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அவன் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அங்கே பார்ப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.